வாலு பால் குடிச்சாளா?

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். போன் செய்திருக்கலாம். ஆனால் போன் அண்ணனின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். தவிர, படிக்கட்டில் நடந்ததற்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எழுதினால் பிடிக்காத வரியை அடித்துவிடலாம். மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன், அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதீர்கள்.

எழுதுவது கெஃபிர் ஜாடிக்காக, அண்ணனுக்கு நான் கொடுத்துவந்த அந்தப் புளித்த பாலுக்காக. சமையலறை ஜன்னல் மேடையில் துணி கட்டி வைத்துவிட்டு வந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பால், சூப், பழச்சாறு என்று எதைக் கொடுத்தாலும் அண்ணனுக்குத் திரும்பி வந்துவிட்டதை நீங்களும் பார்த்தீர்கள். இது ஒன்றுதான் வயிற்றில் தங்குகிறது. டாக்டரும் தங்குகிறதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் அங்கே இருந்தவரை நான் பார்த்துக்கொண்டேன், இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எப்படிச் செய்வது என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இது தயிர் மாதிரி இல்லை அண்ணி. தயவுசெய்து ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அண்ணன் என்ன குடித்தார், எவ்வளவு தங்கியது என்று மட்டும் எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாலு


பிப்ரவரி 9

வாலுவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். பிரித்தால் சமையல் குறிப்பு. சரி, அதுவாவது வந்ததே.

பின்பக்கத்தை நான் படிக்கவில்லை. பாலுக்கு உறை ஊற்ற எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீ பள்ளிக்கூடப் பையைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தவள். அன்றிலிருந்து நீ தின்ற தயிரெல்லாம் நான் தோய்த்ததுதான்.

உன் ஜாடியைத் திறந்து பார்த்தேன். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பால் திரிந்தமாதிரி மேலே கட்டிகட்டியாக மிதக்கிறது, காலிஃப்ளவரைப் பிய்த்துப் போட்டதுபோல. தொட்டால் வழவழ என்கிறது. ஒரு நோயாளிக்கு இதையா கொடுத்துக்கொண்டிருந்தாய்? கட்டியையெல்லாம் வடிகட்டிக் குப்பையில் கொட்டினேன். ஜாடியைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். வடித்ததில் இரண்டு கரண்டி எடுத்து, காய்ச்சி ஆறிய பாலில் உறை ஊற்றினேன். மறுநாள் அழகாகத் தோய்ந்திருந்தது. கட்டியும் இல்லை, கிட்டியும் இல்லை. அவர் ஒரு டம்ளர் முழுவதும் குடித்தார். தங்கியது. போதுமா?

ஜாடிக்கு அவர் உன் பெயரை வைத்திருப்பது உனக்குத் தெரியும். புளிப்பாக இருக்கிறதாம், மூடி வைத்தாலும் பொங்கிக்கொண்டு வருகிறதாம், அதனால் அது வாலுவாம். கண் விழித்ததும் முதல் கேள்வி, "வாலு பால் குடிச்சாளா?" ஜாடியில் பால் ஊற்றிவிட்டாயா என்று அர்த்தம். கட்டிக்கொண்டு வந்தவள் ஒரு வாய் காப்பி குடித்தாளா என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கேட்டதில்லை இந்த மனுஷன்.

நீ எதிர்பார்க்கவில்லை என்றாலும் இதையும் எழுதிவிடுகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்று என்ன சொன்னாய்? "உங்க கை மிளகாய்தான் எங்க அண்ணன் வயித்தைத் தின்னுடுச்சு." கீழ்வீட்டு டெய்லர் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுகிற மனுஷன் டிப்போவில் நேரங்கெட்ட நேரத்தில் தின்றதெல்லாம் உன் கணக்கில் வரவில்லை. என் கைதான் வந்தது. இஸ்திரிக் கடையில் நாளெல்லாம் சூட்டில் நின்றுவிட்டு வந்து, அதற்குப் பிறகு அடுப்பிலும் நின்ற கை இது.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணி,

குப்பையில் கொட்டினீர்களா?

அந்தக் கட்டிதான் கெஃபிர். அதற்குத்தான் உயிர் இருக்கிறது. நீங்கள் வடித்துக் கொடுக்கிறது அது செய்து தருகிற பானம், அவ்வளவுதான். தினமும் கட்டியை வடித்தெடுத்துப் புதுப் பாலில் போட வேண்டும். அதுதான் சாப்பிடும், வளரும். பின்பக்கத்தில் முதல் வரியே அதுதான், கீழே கோடு போட்டு எழுதியிருந்தேன். உங்கள் வீம்புக்கு ஒரு அளவு இல்லையா?

தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி இதை ஊற்றினால் சில தடவை தோயும். பிறகு நீர்த்துக்கொண்டே போகும். அதற்குப் பிறகு வெறும் கெட்டுப்போன பால். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அப்படி ஆகியிருக்கும். அப்புறம் அண்ணன் எதைக் குடிப்பார்?

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்லை இதுவா?" என்று கேட்க வேண்டியவள், எனக்கே எழுத்து தெரியாமல் நின்றேன். அவர் பாவம், "நீங்க முதல்ல கண்ணைத் துடைச்சுக்குங்கம்மா" என்றார்.

என்னிடமிருக்கும் கட்டியைத் துணியில் விரித்துக் காற்றில் உலர்த்தியிருக்கிறேன். ஈரமாக அனுப்பினால் வழியிலேயே புளித்து வெடித்துவிடும். மஞ்சள் நிறத்தில் சிறுகற்கள் மாதிரி இருக்கும், செத்துவிட்டது என்று நினைத்து இதையும் கொட்டிவிடாதீர்கள். காய்ச்சி நன்றாக ஆறிய பாலில் போடுங்கள். ஆறிய என்றால் கை வைத்தால் குளிர வேண்டும், வெதுவெதுப்புக்கூட வேண்டாம். சூடு பட்டால் தீர்ந்தது. முதலில் சில நாள் பால் பாலாகவே இருக்கும். அதை அண்ணனுக்குக் கொடுக்காமல் கொட்டிவிட்டுப் புதுப் பால் ஊற்றுங்கள். தூங்குகிறது, எழுந்திருக்கும். பொறுமையாக இருங்கள்.

என்னைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தத் தடவை நான் எழுதியதைப் படியுங்கள்.

வாலு


பிப்ரவரி 22

வாலு,

நீ சொன்னபடியேதான் ஆனது. முதலில் நீர்த்தது. நான் பால்காரனைத் திட்டினேன். அப்புறம் நூல் நூலாக வந்தது, ஒரு வாடை அடித்தது. சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "இது வாலு இல்லையே" என்றார். குளிர் காலம், அதனால் அப்படித்தான் இருக்கும் என்று நான் வாய் கூசாமல் பொய் சொன்னேன். எனக்காக இன்னொரு வாய் குடித்தார். சாயங்காலம் வரைக்கும் வாந்தி எடுத்தார். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவருடைய முதுகெலும்பை ஒவ்வொன்றாகக் கையால் தடவினேன் வாலு. பஸ் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் ஒடித்துத் திருப்புகிற முதுகு அது.

திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நீ திட்டுவது எனக்கு உறைக்கவே இல்லை, ஏனென்றால் அதைவிட மோசமாக நானே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் கைதான் அவர் வயிற்றைத் தின்றது என்று நீ சொன்னபோது அது பொய். இப்போது நான் அதை உண்மையாக்கிவிட்டேனோ என்னவோ.

உன் பொட்டலம் வந்துவிட்டது. பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, கை வைத்துப் பார்த்து, மறுபடியும் ஆற வைத்துப் போட்டேன். சிறுகற்கள் அடியில் கிடக்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது. தினமும் கொட்டுகிறேன், தினமும் ஊற்றுகிறேன். அவர் கேட்கிறார், "வாலு பால் குடிச்சாளா?" இன்னும் குடிக்கவில்லை என்றேன். "வீம்பு பிடிக்கிறா, உன்னை மாதிரி" என்று சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை எழுதப் பேனா வரவில்லை. லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

முதலாளியிடம் கேட்டுவிட்டேன். எனக்குப் பதிலாகக் கண் பார்க்க ஆள் வந்ததும் கிளம்பச் சொன்னார். சனிக்கிழமை வண்டியில் ஏறுகிறேன்.

நேற்று அண்ணனிடம் போனில் பேசினேன். குரல் ரொம்பக் கீழே போய்விட்டது. நீங்கள் தினமும் அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டுகிறீர்களாம். "எங்க போகப்போறேன்னு போடறா தெரியலை" என்றார். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருக்கிறாராம்.

ஜாடியில் அசைவு ஏதாவது தெரிகிறதா? பாலின் மேல் குமிழி வந்தால் எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அண்ணி, படிக்கட்டில் நான் சொன்னது

வந்து நேரில் சொல்கிறேன்.

வாலு


மார்ச் 19

வாலுவுக்கு,

நீ ஊருக்குத் திரும்பியது நல்லபடியா என்று கேட்டு எழுத வேண்டும். கேட்டுவிட்டேன்.

வீட்டில் அத்தனை பேர் இருந்தார்கள், நாம் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். நீ சமையலறைக்குப் போய் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாய். இவள் ஒழுங்காக வைத்திருக்கிறாளா என்று சோதனை போடுகிறாய் என்று எனக்கு வெறுப்பாக இருந்தது. அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ வண்டியில் வந்துகொண்டிருந்த அந்தக் காலையில் ஜாடியைத் திறந்தேன். மேலே குமிழி. சிறுகற்கள் வெள்ளையாக ஊறி மேலே வந்து மிதந்தன. அந்தப் புளிச்ச வாசனை, பழைய வாசனை. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வடித்து, டம்ளரில் கொண்டுபோனால் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தேன். விழுங்கினாரா என்று தெரியாது. வாயிலேயே வைத்திருந்தார். அப்புறம், "வாலு வந்துட்டா" என்றார்.

ஜாடியைச் சொன்னாரா, உன்னைச் சொன்னாரா? நீ வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டுதான் போனாரோ? நீ வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது, வீடு நிறைய செருப்புகள் கிடந்தன.

இப்போது அது வளர்கிறது. அவருக்கு ஒரு மடக்குக் கொடுக்க வக்கில்லாமல் தூங்கினது, இப்போது காடு மாதிரி வளர்கிறது. தினமும் பால் கேட்கிறது. எனக்குப் புளிப்பு ஆகாது. கீழ்வீட்டு டெய்லர் அக்காவுக்கு ஒரு கிண்ணம் கட்டி கொடுத்தேன், அப்போதும் குறையவில்லை. காலையில் எழுந்து பால் ஊற்றுகிறபோது உள்ளறையிலிருந்து யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த ஒரு நிமிஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

இதை எப்படி நிறுத்துவது? சொல்லு.

அண்ணி


மார்ச் 25

அண்ணி,

நிறுத்தாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்களுக்கு அனுப்பியது என்னிடமிருந்த மொத்தமும். கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் நிறைய இருந்தால் சீக்கிரம் எழுந்திருக்கும், அண்ணனுக்கு ஒரு நாளாவது முன்னதாகக் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் போட்டு ஒட்டிவிட்டேன். எனக்கு அதைக் கொடுத்த அறைத்தோழி விடுதியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள், எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் ஜாடி கவிழ்த்து வைத்தது வைத்தபடி இருக்கிறது.

அன்று சமையலறையில் நான் சோதனை போடவில்லை. அண்ணன் வாயில் கடைசியாக வைத்தது அது. அது மட்டும் இந்த வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பூன் கேட்க வேண்டும் என்றுதான் நின்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சொல்ல வந்ததையும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன், அடிக்காமல் எழுதுகிறேன். படிக்கட்டில் நான் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அம்மா முகம் எனக்கு ஞாபகம் இல்லை அண்ணி. பசித்தால் எனக்கு ஞாபகம் வருவது உங்கள் கைதான்.

ஒரு ஸ்பூன் போதும். துணியில் உலர்த்தி அனுப்புங்கள். நான் பால் ஊற்றிக்கொள்கிறேன். அண்ணன் கேட்ட கேள்விக்கு இங்கே ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

வாலு


மார்ச் 26

வாலு,

உன் பதில் இன்னும் வரவில்லை. கோபமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்று காலை பாலைக் காய்ச்சினேன். பொங்கி வந்ததும் இறக்கினேன். ஆற வைக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க அப்படியே ஜாடியில் ஊற்றினேன். சூடு பட்டால் தீர்ந்தது என்று நீதானே எழுதியிருந்தாய். இந்தத் தடவை உன் கடிதத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறேன் பார்.

முதல் தடவை தெரியாமல் கொட்டினேன். இதைத் தெரிந்தே செய்தேன். ஜாடியின் அடியில் சின்னதாக ஒரு விரிசல் விட்டது. கட்டிகள் சுருங்கி, ரப்பர் மாதிரி ஆகிவிட்டன. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை. பெயர் வைத்துக் கூப்பிட்ட ஒன்றைச் சுடுபாலில் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, இஸ்திரிக் கடைக்குப் போய் ஊர் சட்டையெல்லாம் தேய்த்தேன். ஒன்றுகூடக் கருகவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 1

வாலு,

உன் கடிதம் என் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்த மறுநாள் வந்தது. இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். என்னுடையது இந்நேரம் உன் கையில் இருக்கும். நீ அதைப் படித்திருக்கக் கூடாது என்று எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கடிதத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுக்கு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. "அக்கா, நான் குடுத்தேனே கட்டி, அதுல ஒரு ஸ்பூன் குடுங்க" என்றேன். டெய்லர் அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள், "அதுவா? பசங்க சர்க்கரை தொட்டு மென்னு தின்னுட்டாங்க. நல்லா இருந்துச்சாம். இன்னும் இருந்தா குடேன்." எனக்குச் சிரிப்பு வந்தது வாலு. படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். நீ பெட்டியோடு நின்ற அதே படி. அந்த அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

செத்த கட்டியை நான் கொட்டியிருக்கவில்லை. ஏனோ கை வரவில்லை. குளிர்ந்த தண்ணீரில் அலசி, விரிசல் இல்லாத வேறு ஜாடியில் போட்டு, கை வைத்தால் குளிர்கிற அளவுக்கு ஆறிய பால் ஊற்றினேன். தினமும் ஊற்றுகிறேன். நீ எழுதிய பின்பக்கத்தை இப்போது முழுவதும் படித்துவிட்டேன், மனப்பாடமாகத் தெரியும். தினமும் பால் கெட்டுப்போகிறது. வாடை தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். அது எழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும். நீயும் எழுந்திருக்கும் என்று ஆறுதலுக்கு எழுதாதே.

நீ கேட்டது ஒரு ஸ்பூன். உன் அண்ணன் வீட்டிலிருந்து நீ கேட்டு வாங்க இருந்ததே அது ஒன்றுதான். என்னிடம் இல்லை.

மன்னிப்புக் கேட்கிற மாதிரி நீ எழுதியதைப் படித்தேன். அந்த வரிகளைப் பல தடவை படித்தேன். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கிறேன், பாத்திரம் வைக்கிறேன், மிளகாய் டப்பாவைத் திறந்ததும் கை நின்றுவிடுகிறது. அவர் போன நாளிலிருந்து இந்த வீட்டில் நான் ஒரு வேளைகூடச் சமைக்கவில்லை. அடுப்பில் பால் மட்டும்தான் காய்கிறது, அதுவும் அந்தச் செத்ததற்கு.

என்னோடு பேச உனக்கு இனி இஷ்டம் இருக்குமோ இருக்காதோ. பதில் போடாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் ஒருவேளை வருவதாக இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டு வா. வரும்போது வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வா. பசியோடு வந்து என் முன்னால் நிற்காதே வாலு.

அண்ணி